சோதனை அறிக்கை

சேவூர் மைதானம், இரவு ஏழரை.
தீப்பெட்டி அளவு விளக்கு, பேட்டரியோடு தொண்ணூறு கிராம்.
துப்பாக்கிக்கும் தண்டவாளம் உண்டு,
குழலுக்கு அடியில், மூன்று விரற்கடை நீளம்.
அதில் ஏற்றித் திருகினேன்.

முப்பது குண்டு. திருகு அரைச்சுற்று தளர்ந்தது.
வாளித் தண்ணீரில் பத்து நிமிடம். எரிந்தது.
பகலெல்லாம் ஜீப் பானெட்டில்
வேலூர் வெயிலைக் குடித்துக் கிடந்ததற்கு
என் கட்டைவிரல் கொப்புளம் சாட்சி.

இருபத்தைந்து மீட்டரில் காகித மனிதன்.
பழைய ஓட்டைகளுக்கு எத்திராஜ் ஒட்டிய
பசைத்தாள்கூடத் தெரிகிறது.

மண்மேட்டின் ஓரம் ஏதோ அசைந்தது.
என்னவென்று பார்க்கத் திரும்பினேன்.
வெளிச்சம் போன இடத்துக்குக் குழலும் போனது.

சீமைக்கருவேலில் முந்தானை சிக்கி ஒரு பெண்.
இடுப்பில் ஆட்டுக்குட்டி,
அதன் கண் இரண்டும் பச்சையாய்ப் பற்றின.
அவள் கையைத் தூக்கவில்லை,
கையில் ஆடு இருந்தது.

"பாக்கணும்னா பாரு நைனா.
அத்த இன்னாத்துக்கு நீட்டிக்கினு கீற?"

துப்பாக்கி காலி. விரல் வெளியே.
அவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஒளி: நன்று. நீர்: நன்று. பிடிப்பு: சுமார்.
படிவத்தில் அதற்குமேல் கட்டம் இல்லை.
குழலைத் தரைக்குத் தாழ்த்தி
விளக்கைக் கழற்றிப் பையில் போட்டேன்.

எத்திராஜின் ஐம்பது ரூபாய் டார்ச்சைத்
தட்டித் தட்டி எரியவைத்து
சித்தூர் ரோடு வரைக்கும் கூட நடந்தேன்.
அவள் பேசவில்லை.
ஆடுதான் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது.