முப்பத்துமூன்றில் ஒருவன்

மூர் மார்க்கெட் வளாகத்தில் மாடிப்படிக்குக் கீழ்க் கடை.
அறுநூறு சொன்னார், நானூற்றைம்பதுக்குக் கொடுத்தார்.
இரண்டு தட்டுகள். அட்டையில் எட்டுப் பேர்,
ஒரே துணியில் தைத்த சட்டைகள்.
ஒன்பதாமவனின் முழங்கை மட்டும் ஓரத்தில்.
'ஆப்பிரிக்கா டான்ஸ் பாட்டு மேடம், எழுபதுல வந்ததெல்லாம்
பொறுக்கிச் சேத்துப் போட்டிருக்கான்.
இங்க யாரும் தொடறதில்ல.'

எனக்கு ஆப்பிரிக்கா என்பது துறைமுகங்கள்.
தேமா. லோமே. கோட்டனூ. அப்பாப்பா.
லிங்கிச் செட்டித் தெருவில் இரண்டாம் மாடியில்
பத்தொன்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன்:
ஆட்டோ உதிரிபாகம், நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி,
எடை, முத்திரை எண், கப்பலின் பெயர்.
எல்லாம் போனவை.
வந்தது இது ஒன்று, அதுவும் எங்கெங்கோ சுற்றி.

பிளேயர், கனடா போன தம்பி
விற்றுவிடு என்று விட்டுப்போனது.
வண்ணாரப்பேட்டை வீட்டில் அரிசி டிரம்மின் மேல் வைத்து
முள்ளை இறக்கினேன்.

ஒருவன் பாடினான்.
நனைந்த சாக்கை வராந்தா முழுக்க
இழுத்துக்கொண்டு வருகிற குரல்.
கிட்டார் யோசித்து யோசித்து விழுந்தது.
ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே
கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

உயர் நீதிமன்ற வளாகத்தில்
எனக்கும் தேவசகாயத்துக்கும்
இனி ஒன்றுமில்லை என்று
சீல் வைத்துக் கொடுத்த மாதம் அது.
மொழி தெரியாது.
அதனால் ஒரு வார்த்தைகூட விடாமல் புரிந்தது.
கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்தேன்:
'வீடுவரை வந்தேன், வீட்டில் விளக்கு இருந்தது,
விளக்கு என்னைப் பார்க்கவில்லை.'
இரண்டாம் சரணத்தில் அவன் ஒருமுறை இருமுவான்.
நானும் அங்கே தொண்டையைச் செருமிக்கொள்வேன்.
ஒரு மாதம், தினமும் இரவு, ஒன்பதரைக்கு மேல்.
இதற்கா ஆடினார்கள் என்று தோன்றாமல் இல்லை.
சோகத்துக்கு ஆடுகிறவர்களும் இருப்பார்கள்,
கடல் அவ்வளவு பெரிது, என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஏசி சர்வீஸுக்கு ஹபீபுல்லா வந்தார்.
ஏணியின் மூன்றாம் படியில் நின்று
நீர் சொட்டும் பில்டரைக் கையில் பிடித்தபடி
கொஞ்சநேரம் கேட்டார்.
'பொணம் எடுக்குற எடத்துலகூட
இதவிட வேகமா அடிப்பாங்கக்கா.'
இறங்கிவந்து, கையைத் துடைத்து,
தட்டின் நடுத்தாளில் கண்ணை ஒட்டிவைத்துப் படித்தார்.
'நாப்பத்தஞ்சு. நீங்க முப்பத்திமூணுல ஓட்டுறீங்க.'
நகத்தால் ஒரு சின்ன நெம்புகோலைத் தட்டினார்.

பெண்.
பெண் பாடிக்கொண்டிருந்தாள்!
கிட்டார்கள் இரண்டு, ஒன்றை ஒன்று
பூங்கா ரயிலடிப் படிகளில் துரத்துவதுபோல.
இருமல் என்று நான் நினைத்தது சிரிப்பு,
பாட்டுக்கு நடுவில் அடக்கமாட்டாமல்
வேறு யாரோ பண்ணின சேட்டைக்கு.
ஹபீபுல்லாவின் செருப்பில்லாத கால்
தரையில் ஈரத்தடம் வைத்து வைத்து எடுத்தது.
என் கால் எப்போது தொடங்கியதென்று தெரியவில்லை.
பக்கெட் கவிழ்ந்தது. கவிழட்டும்.

அவர் போனபின், அட்டைக்குள் புழுக்கத்தில் ஒட்டியிருந்த தாளை
ஆவி காட்டிப் பிரித்தேன். பாட்டுக்கு இரண்டு வரி விளக்கம்:
மீன்காரியிடம் கடன் சொல்லிவிட்டு
வேறு சந்துவழியே போகிறவனைக்
கேலி செய்கிறாள். அவ்வளவுதான்.
பாடியவர் பெயர்: தெரியவில்லை.

இப்போது காலையில் தோசைக்கல் காயும் நேரத்தில் அவள்.
அலுவலகத்தில் கோட்டனூ என்று அடிக்கும்போது
விரல் ஓர் இடத்தில் கூடுதலாகத் துள்ளி
தப்பு விழுகிறது. திருத்துகிறேன்.

ஆனால் அவன்?
எந்த ஊரிலும் பிறக்காதவன்,
எந்த மைக்கின் முன்னாலும் நிற்காதவன்,
என் அரிசி டிரம்மின் மேல் மட்டும்
ஒரு மாதம் இருந்தவன்.
நெம்புகோலைத் தட்டியதும் போனான்.

சில ராத்திரிகளில் திருப்பி வைக்கிறேன்.
உடனே வந்துவிடுகிறான், சாக்கை இழுத்துக்கொண்டு.
ஹபீபுல்லாவிடம் இதைச் சொல்லவில்லை.