வீட்டோடு திருகப்பட்டவை

காலை ஏழரைக்கு என் ஹெட்செட் விழித்துக்கொள்ளும்.
பிரேமர்ஹாஃபன் நகரக் கழிவுத் துறை,
வீப்கே பேசுகிறேன்.

தயிர்க் கிண்ணம் மஞ்சள் பையில்.
கழுவ வேண்டாம், வழித்தால் போதும்.
முட்டை ஓடு பழுப்புத் தொட்டியில்.
இல்லை அம்மா, ஜன்னல் கண்ணாடியை
பாட்டில் கூண்டில் போடக் கூடாது.
இரண்டும் கண்ணாடிதான்,
உருகுகிற சூடு வேறு.
இதைச் சொல்லும்போதெல்லாம்
என் முதல் கல்யாணம் ஞாபகம் வரும்.

வேசர் ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழும்பினால்
அழைப்புகள் இரட்டிப்பாகும்.
மஞ்சள் பைகள் பறந்துபோய்
அடுத்தவர் வேலியில் தொங்கும்.
யாருடைய பை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.
எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

மார்ச் மாதம் ஒருவர் அழைத்தார்.
டியார்க் ஓல்ட்மன்ஸ், லேஹே பகுதி.
பதினோரு பெயின்ட் டப்பாக்கள்.
காய்ந்தது என்றால் சாம்பல் தொட்டி,
ஈரம் என்றால் நச்சுக்கழிவு வண்டி,
இரண்டாம் சனிக்கிழமை வரும், என்றேன்.
"மேலே தோல் கட்டிவிட்டது.
குச்சியால் குத்தினால் உள்ளே இன்னும் கொழகொழ."
மரத்தூள் போட்டுக் கிளறுங்கள்,
மூடியைத் திறந்தே வையுங்கள்.
"எத்தனை நாள்?"
குச்சி தானாக நிற்கும்வரை.
பாசிப்பச்சை, என்றார், நான் கேட்காமலே.
அவள் தேர்ந்தெடுத்த நிறம்.

ஏப்ரலில் மறுபடி.
கட்டிலை எடுப்பீர்களா? எடுப்போம்.
அலமாரி? எடுப்போம். சுருட்டிய கம்பளம்? அதையும்.
குளியல்தொட்டி?
மாட்டோம்.
கதவு?
அதுவும் ஆகாது.
"ஏன், கதவு என்ன பாவம் செய்தது?"

விதி இதுதான் ஐயா:
வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்
கையோடு கொண்டுபோகக்கூடியது பெருங்கழிவு.
சுவரோடும் தரையோடும் திருகப்பட்டு
பின்தங்கிவிடுவது கட்டடக்கழிவு.
அதற்கு வேறு இடம், வேறு கட்டணம்.

மறுமுனையில் எங்கோ ஒரு டிரில் ஓடி நின்றது.
"அப்படிப் பார்த்தால்
நான் கட்டடக்கழிவு" என்றார்.

நான் சிரித்திருக்கக் கூடாது.
அழைப்புகள் பதிவாகின்றன.

மே மாதம் கேட்டது எங்கள் கையேட்டிலேயே இல்லை.
அவள் எடுத்துப்போன நிலைக்கண்ணாடி,
குளியலறை ஓடுகளில் நான்கு ஓட்டைகள்.
"உங்கள் வேலை இல்லை என்று தெரியும்."
தெரிந்தே கேட்கிறவருக்கு என்ன சொல்ல?
இரண்டு குளிர்காலம் தனியாக மண்டியிட்டு
என் குளியலறைக்கு நானே ஓடு பதித்தவள்.

பிளாஸ்டிக் ஆப்பை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஓடு விரிந்துவிடும்.
ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி, இடுக்கியால் பிடித்து,
பல் ஆடுகிற குழந்தையிடம் போவதுபோல.
வரவில்லையா, உள்ளே தள்ளிவிடுங்கள்,
சுவர் வைத்துக்கொள்ளும்.
அப்புறம் வெள்ளைப் பூச்சு, விரலாலேயே. ஈரத்துணி.
கடையில் வெள்ளை கிடைக்கும்,
அதே வெள்ளை கிடைக்காது.
நான்கு புள்ளி தெரியும்.
பல் துலக்கும்போது மட்டும்.

மேற்பார்வையாளர் ப்ரூன்யஸ் வந்து
திரையைத் தட்டிக் காட்டினார்:
ஒன்பது நிமிடம்.
ஓட்டைகளும் கழிவுதானே என்றேன்.
அவர் காபி எடுக்கப் போய்விட்டார்.

ஜூன், வியாழன், ஏழு முப்பத்தொன்று.
"வண்டி அதற்குள் வந்து போய்விட்டதா?"
இல்லையே, உங்கள் தெருவுக்குப் பத்து மணி ஆகும்.
"கட்டில் இருக்கிறது. மெத்தை நனைந்து கிடக்கிறது.
நாற்காலிகள் நான்கையும் காணோம்.
ஒன்றுக்குக் கால் ஆடும்.
நேற்று நடைபாதையில் வைத்தபோதும்
பழக்கதோஷத்தில்
அடியில் அட்டையை மடித்துச் செருகியிருந்தேன்.
அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்."

புகார் பதியட்டுமா?
கடற்பறவை ஒன்று அவர் பக்கம் கத்தியது,
சற்றுக் கழித்து என் ஜன்னலில்.

"வேண்டாம்.
எங்கேயோ இப்போது ஆடிக்கொண்டிருக்கும்.
இந்த அட்டை எதில்?"

நீலத் தொட்டி, என்றேன்.
மடிப்பைப் பிரித்துப் போடுங்கள்.