பனி என்று எழுதியிருந்தேன்

‘பனி வந்தால் தெளிப்பானைத் திற.’
அந்தக் கருவிக்கு
அவ்வளவுதான் விளக்கம் எழுதியிருந்தேன்.

கேத்தியில் பனி வராத நாள் ஏது?
பதினோரு மணிக்கு மேடேறி வந்த மூடுபனி
ரயில் பாதையை மறைத்தது,
போஜனின் கேரட் பாத்திகளை மறைத்தது.
ஏஐ ஏஜென்ட் தண்ணீரைத் திறந்தது.
மூன்று நாள் திறந்தே வைத்திருந்தது,
சொன்ன சொல் தவறாமல்.

அழுகிய கேரட் ஒன்றை
என் கீபோர்டு மேல் வைத்தார் போஜன்.
“படிச்சவங்க எழுதினது” என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்கு ஜன்னல் கிடையாது.
புல்நுனி வெளுத்து
மிதித்தால் நொறுங்கும் விடியலை
அது பார்த்ததில்லை.
என் வாக்கியம்தான் அதன் வானிலை.

இரவில் திருத்தினேன்:
உறைபனிக்கு மட்டும்.
தரையோரம் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் திற.
மூடுபனிக்கு அல்ல, தூறலுக்கும் அல்ல.
வெயிலேறிப் பனிக்கட்டி உருகியதும் மூடு.
சென்சார் பேசாவிட்டால் நீயாக ஊகிக்காதே,
போஜனை எழுப்பு.

படித்துக் காட்டினேன்.
“விடிகாலை நாலு மணிக்கா?”
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
பிறகு, தன் போன் நம்பரில்
கடைசி எண் தப்பு என்றார்.