நாற்பது விநாடி பாலைவனம்

ஏஜென்ட் கேட்டது நாற்பது விநாடி வீடியோ.
பாலைவன மணலில் குவாட் பைக் ஓட்டுவேன்,
மற்றவர்களுக்கும் சொல்லித்தருவேன் என்பதற்குச் சாட்சி.
எத்தனை வருட அனுபவம் என்ற கட்டத்தில்
இரண்டு என்று அவரே எழுதிக்கொண்டார்.

என் அனுபவம்
கொண்டலாம்பட்டி பைபாஸில் பார்சல் வேன்,
அதற்கு முன் அண்ணியின் ஸ்கூட்டி.

சேலத்தில் மணலுக்கு எங்கே போவது?
வெள்ளக்கல்பட்டிக்குப் பின்னால்
சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய வெள்ளைக்கல் மேடு.
அதன் காலடியில் தகரப் பந்தல் போட்டு
மூன்று வண்டி வைத்திருக்கிறாள் பெர்சிஸ்.
பத்து நிமிடம் முந்நூறு ரூபாய்.
ஹெல்மெட் இலவசம்,
அதற்குள் இருக்கும் முந்தையவர் வியர்வையும்.

முதல் பாடம் கட்டைவிரல்.
ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது, அழுத்த வேண்டும்,
சோறு வெந்ததா என்று பார்ப்பதுபோல.
நான் முறுக்கினேன்.
பதினெட்டு வருடம் முறுக்கிய கை.
வண்டி அசையவில்லை,
அவள் சிரிக்கவும் இல்லை.
அன்று ராத்திரி தட்டில் சாம்பார் பிசையும்போதும்
கட்டைவிரல் எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்தது கால்.
"எது நடந்தாலும் காலை ஊன்றாதீங்க.
ஸ்கூட்டின்னு நெனச்சு ஊன்றினா
பின்சக்கரம் உங்க பாதத்து மேலயே ஏறும்.
நாலு சக்கரம் சார். நம்புங்க."

கால் நீட்டியே பழகியவன் நான்.
பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டில்,
ஏலச்சீட்டில்,
அம்மாப்பேட்டையில் பெண் பார்க்கப் போன வீட்டில்,
வண்டி சாய்வதற்கு முன்பே
என் கால் தரையில் இருக்கும்.

ஏறும்போது உடம்பை முன்னால் கொடு.
இறங்கும்போது பின்னால்.
சரிவில் குறுக்கே போனால் மேட்டுப் பக்கம் சாய்.
பயம் இழுக்கிற பக்கம் போகாதே என்பது
அவள் சொன்னதில்லை,
மூன்றாவது ஞாயிறு சிராய்த்துக்கொண்டு வந்த
என் முழங்கை சொன்னது.

நாலாவது ஞாயிறு படப்பிடிப்பு.
வெயில் வேண்டுமென்று பன்னிரண்டு மணிக்கு.
அல்தாஃப் செல்போனோடு குப்புறப் படுத்தான்.
கோலமாவு மாதிரி தூசி எழுந்தது.
பாலைவனம் மஞ்சளாக இருக்குமே என்றேன்.
ஃபில்டர் இருக்கு, நீ ஓட்டு என்றான்.

முதல் டேக்: பின்னால் சேர்வராயன்,
நீலமாக, அகலமாக, உச்சியில் ஒரு மேகம்.
இரண்டாவதுக்கு வண்டியைத் திருப்பினேன்.
மேக்னசைட் ஸ்டேஷனில் நிற்காத ரயில் ஒன்று
தன் முழு நீளத்துக்கும் போனது.
மூன்றாவது: சீமைக்கருவேலம், நாலு ஆடு,
ஆடுகளோடு வந்த பையன், கை வேறு ஆட்டினான்.
மறுபடி மலை.
போனைச் சாய்த்தால் மலை. தாழ்த்தினால் பந்தல்.
எந்த மூலையில் போய் நின்றாலும்
ஏற்காட்டின் ஒரு துண்டு உள்ளே வந்துவிடுகிறது.
"கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு மச்சான்" என்றான்,
மலையைத்தான்.

ஏழாவது டேக்கில், மேட்டின் விலாவில்,
வண்டி ஒருபக்கமாக எழுந்தது.
இரண்டு சக்கரம் காற்றில்.
கால் தானாக நீண்டது.
ஊன்றவில்லை.
விரலைத் தளர்த்தி மேட்டுப் பக்கம் சாய்ந்தேன்.
முன்னது ஒன்று, பிறகு பின்னது,
கடனைத் திருப்புவதுபோல முனகிக்கொண்டே
தரைக்கு வந்தன.
கீழே பெர்சிஸ்
வாயில் தட்டுவடை செட்டோடு
மெல்லாமல் நின்றிருந்தாள்.

அதைத்தான் அனுப்பினோம். முப்பத்தெட்டு விநாடி.
ஃபில்டர் போடவில்லை. மலையையும் வெட்டவில்லை.
பந்தலில் ஒரு குடும்பம்
ஹெல்மெட்டுக்காகக் காத்திருந்தது.

இரவு பத்தரைக்கு அங்கிருந்து ஒரு குரல்.
கேம்ப் மேனேஜர், தூத்துக்குடித் தமிழ்.
ஓட்டுறது பரவால்ல என்றார்.
இங்க வர்றவங்க பூரா புதுசு,
பயந்தவங்ககிட்ட என்ன சொல்வீங்க?

காலை ஊன்றாதீங்கன்னு சொல்வேன்.

கொஞ்ச நேரம் ஏசி ஓடும் சத்தம் மட்டும்.
பிறகு சம்பளத்தைப் பற்றியோ விசாவைப் பற்றியோ
எதுவும் சொல்லாமல் கேட்டார்:
"பின்னால தெரியுதே ஒரு மலை,
அங்க இப்ப மழையா?"