தவிர

பீடியை எத்தனை விதமாய் எழுதுகிறார்கள் என்று
இந்த வாரம்தான் எண்ணிப் பார்த்தேன்.
இரண்டு ஈ போட்டவர்கள் உண்டு,
ஒற்றை ஐயோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு,
வங்காளத்துக்காரர்களுக்கு அது பிரி.
மூன்றுக்கும் நடுவில் ‘அல்லது’ போட்டு
அடைப்புக்குறிக்குள் வைத்துப் பூட்டினேன்.
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு கட்டுரைகள்
அபிஷேகப்பட்டி நூலகத்தின்
ஏழாம் எண் கணினியில் வந்து நின்றன.

எல்லாம் இழுப்பவர்களைப் பற்றி.
அவர்கள் நுரையீரல், அவர்கள் தொண்டை,
ஒரு நாளைக்கு எத்தனை கட்டு,
எந்த வயதில் முதல் இழுப்பு.
நான் கேட்டு வந்ததோ
சுற்றுகிறவள் விரலை.

மேலப்பாளையம் ஜைனம்புக்கு முப்பத்தாறு வயது.
ரேஷன் கடை மிஷினில் பெருவிரலை வைத்தால்
பச்சை விளக்கு எரிவதில்லை.
துடைத்து வைக்கச் சொல்வான். துடைத்து வைப்பாள்.
அடுத்த விரல் என்பான்.
“பத்தும் ஆச்சு, இனி காலைத்தான் தூக்கி வைக்கணும்”
என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள்.
வரிசை சிரித்தது.
நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்:
இலை, தூள், நூல், ரேகை.

ரேகையும் தோலும் ஐந்து சொல் இடைவெளிக்குள்
வந்தாக வேண்டும் என்று ஒரு கட்டளை உண்டு.
ஒரே பக்கத்தில் குடியிருந்தால் போதாது,
பேச்சுவார்த்தை இருக்கவேண்டும்.
பீடித் தொழிலாளியை மேற்கோளுக்குள் இட்டால்
இரண்டு சொல்லும் கைகோத்தே நிற்கும்.
அப்படியும் புகை மண்டியது.

அப்போதுதான் அந்தச் சொல்லை எடுத்தேன்.
தவிர.
ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து.
புகைத்தலின் தலையை மட்டும் வைத்து
வாலுக்கு ஓர் உடுக்குறி.
புகைத்த, புகைக்கும், புகைப்பவர்,
எந்த உருவில் வந்தாலும் வெளியே.
பதினொன்று மிஞ்சின.
சுத்தமான பதினொன்று.
அன்றைக்குக் கேண்டீனில் இரண்டு வடை தின்றேன்.

பதினொன்றிலும் ரேகை இல்லை.

கம்பெனிக் கடையில் முந்தாநாள்
ஜைனம்பு கொண்டுபோன ஆயிரத்தில்
நூற்றிருபதைக் கழிவென்று ஒதுக்கினான்.
பிரித்துப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தான், ஒதுக்கினான்.
காசும் கிடையாது, பீடியும் திரும்பாது.

பேட்டை தாண்டும்போது பஸ்ஸில் உறைத்தது.
எதையெல்லாம் ஒதுக்கினேன் என்று
நான் பார்க்கவே இல்லை.

காலையில் முதல் ஆளாய்ப் போய்
‘தவிர’ இருந்த இடத்தில் ‘மற்றும்’ வைத்தேன்.
வெளியே தள்ளியவை மட்டும் உள்ளே வந்தன.
முப்பத்தெட்டாவதாக இருந்தது,
முக்கூடலில் எடுத்த கணக்கு.
இலை நனைக்கும் விரல், தேய்ந்த ரேகை,
படம்கூட உண்டு, மைக்கறை மாதிரி பத்து வட்டம்.
சுருக்கத்தின் கடைசி வரி:
இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களில்
ஒருவரும் புகைப்பதில்லை.

புகைப்பதில்லை என்று சொன்னதால்
புகையோடு சேர்ந்து வெளியே போயிருக்கிறார்கள்.
கணினிக்கு ‘இல்லை’ காதில் விழாது.
உடுக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது மட்டும்தான்
அதற்குத் தெரியும்.
அப்படிச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஆய்வேட்டின் இரண்டாம் இயலில்
தேடிய விதத்தை எழுதவேண்டும்.
எந்தத் தேதி, எந்தத் தளம், எந்தச் சொல்.
எழுதினேன். அந்தப் பதினொன்றையும் எழுதினேன்.
வடையை எழுதவில்லை.

படத்தை ஜைனம்புவிடம் காட்டினேன்.
சுளகை மடியிலிருந்து இறக்காமலே எட்டிப் பார்த்தாள்.
“முக்கூடல்காரிக்கும் பத்தும் போச்சா” என்றாள்.
நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு,
“இதக் கொண்டுபோய்க் காட்டுனா
அரிசி போடுவானா?”