பிடரி

கணக்கு வாத்தியாரின் பிடரி கிழிந்து
ஈரமாய் ஒன்று எட்டிப் பார்த்தபோது
ட்ராய் பாப்கார்னை எகிறவிட்டான்.
லேசி மட்டும் கத்தவில்லை.

நெப்ராஸ்காவில் ஆகஸ்ட். திறந்தவெளித் திரை.
அதற்குப் பின்னால் சோளக்காடு
காற்றே இல்லாமல் அசைந்துகொண்டிருந்தது.
பிக்கப்பின் முதுகில் நாலு பேர், ஒரு கம்பளி,
யாருடையதென்று தெரியாத ஒரு கை.

ஊரே மாறிப்போச்சு என்கிறாள் படத்துப் பெண்.
ஷெரிஃப் சிரிக்கிறார்.
அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், காய்ச்சலா என்று.
இருபது நிமிடம்தான். அப்புறம்
எல்லோரும் நம்பியே ஆகவேண்டும்.

லேசிக்குப் பிடித்த இடம் அதுதான்.
மார்ச்சிலிருந்து அவள் வீட்டில்
அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு
ஒருவர் உப்பை நகர்த்தச் சொல்கிறார்.
குரல் சரி. மச்சம் சரி.
நாய்தான் கிட்டப் போவதில்லை.

இங்கே என்றால் அதற்குப் பச்சை ரத்தம்.
வெட்டினால் தெரிந்துவிடும்.

நடுநிசியில் கதவைத் திறந்தவர்
"படம் எப்படி?" என்றார்.
"சும்மா."
அவர் விளக்கை அணைக்கத் திரும்பியபோது
காலருக்கு மேலே,
நேற்றுதான் முடி வெட்டிய
அந்த வெளுத்த பிடரியை
கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.