இடப்பக்கம்

இரவு பதினொன்றரைக்கு அது கேட்டது:
இப்போதே புதுப்பிக்கவா, பிறகு நினைவூட்டவா.
தூக்கக் கலக்கத்தில் சரி என்றேன்.
சரி சொல்லிக் கெட்டது இது முதல் தடவை இல்லை.

காலையில் சொடுக்கினால்
பார்க்கிங் கிடைக்காத ஆட்டோ மாதிரி
நீல வட்டம் ஒரு சுற்று சுற்றிவிட்டுக்
காணாமல் போனது.
பிழைச் செய்தி கூட இல்லை.
திட்டினாலாவது காரணம் தேடலாம்,
வாயே திறக்காத ஒன்றிடம்
என்ன கோபமென்று எப்படிக் கேட்பது?

பதினோரு மணிக்குள்
கொளத்தூர் தணிகாசலத்தின் இரண்டாம் மாடி
மண்டல அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.
படிக்கட்டை மூன்று அங்குலம் அகலப்படுத்தினால் போதும்.
ஆனால் கதவு, ஜன்னல், பூஜையறை,
அவர் சம்சாரம் சண்டை போட்டு வாங்கிய பால்கனி,
எல்லாம் அதற்குள்.
பூட்டிய வீட்டுக்குள் ஒரு பூட்டிய வீடு.

உதவி எண்ணில் ஒரு பையன், பினோய்.
"மேடம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"
பண்ணினேன்.
ஆன்ட்டிவைரஸை நிறுத்தினேன்.
அட்மினாகத் திறக்கச் சொன்னான்;
நான்தானப்பா இங்கே அட்மின்,
ஆடி மாதத்திலிருந்து பெருக்குவதும் நான்தான்.
அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னான்.
நாற்பது நிமிடம்.
கீழே புரசைவாக்கம் ஹைரோட்டில்
மெட்ரோவுக்குத் துளை போடுகிறவர்கள்
மேசையை உலுக்கிக்கொண்டே இருந்தார்கள்.
டம்ளரில் டீ வட்டம் வட்டமாய்ச் சிலிர்த்தது.
முடிந்தது என்றது திரை.
கை வலிக்கச் சொடுக்கினேன். திறக்கவில்லை.

பினோய் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவன் முதுகுக்குப் பின்னால் நூறு பேர்
நூறு பேரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள்.
"மேடம், கீழே அந்த ஐகானுக்கு அடியில
சின்னதா ஒரு கோடு தெரியுதா?"
தெரிந்தது.
காலையிலிருந்து அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன்.
"டாஸ்க் மேனேஜர்ல பேரு இருக்கா?"
இருந்தது. ஒன்பது முறை இருந்தது.
"அப்ப திறந்துதான் இருக்கு."
எங்கே?
"முன்னாடி உங்ககிட்ட ரெண்டு மானிட்டரா, மேடம்?"

இடப்பக்கம் பார்த்தேன்.
லூர்துராஜ் பங்கைப் பிரித்துக்கொண்டு போனபோது
ரசீதைக் காட்டி எடுத்துப் போன மானிட்டர்.
பிரிண்டர் எனக்கு, கடன் ஆளுக்குப் பாதி,
ஸ்டேப்ளர் யாரிடம் போனதென்று இன்றுவரை தெரியாது.
தூசியில்லாத நீள்சதுரமாய் இருந்த இடத்தில்
இப்போது கரண்ட் பில்களும் ஒரு மிக்சர் டப்பாவும்.

புதுப்பிப்பு எங்கிருந்தோ
பழைய அமைப்பைத் தோண்டி எடுத்திருக்கிறது,
இருவரும் ஒரே படத்தைப் பார்த்தபடி
கழிவறை எந்த மூலையில் என்று கத்திக்கொண்ட நாட்களின் அமைப்பை.
பாவம், அது ஒழுங்காகத்தான் திறந்திருக்கிறது,
கூப்பிட்ட போதெல்லாம்,
வெறும் சுவரில்.
காலண்டருக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவே
தணிகாசலத்தின் வீடு
ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது தடவை எழும்பி நிற்கிறது,
அனுமதி வாங்காமல்.

"ஆல்ட், ஸ்பேஸ். அப்புறம் எம்.
வலது அம்பை விடாம அழுத்துங்க."
அழுத்தினேன்.
சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்து வந்தது:
முதலில் பால்கனி, பிறகு பூஜையறை,
பிறகு படிக்கட்டு, அதன் ஓரத்தில்
ஆனி மாதத் தேதியிட்டுச் சிவப்பில் ஒரு குறிப்பு.
'மூணு அங்குலம் குறையுது. பாரு.'

பார்க்கவில்லை அப்போது.

மாற்றினேன். மீதி எட்டையும் மூடினேன்.
பினோய்க்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டார்கள்,
ஐந்து கொடுத்தேன்.
அவசரத்தில் குறிப்பை அழிக்காமலே
பிரிண்ட் எடுத்துவிட்டேன் போல.
மண்டல அலுவலகத்தில் பொறியாளர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிவப்பைத் தொட்டார்.
"யாரும்மா இது?"

பக்கத்தில் இருந்தவர், சார்.

"கரெக்டாத்தான் சொல்லியிருக்காரு" என்று
தாளைத் திருப்பி முத்திரையைத் தேடினார்.